திரைக்குப் பின்னால் ராஜா கேட்ட வீணை

ரொம்பக் காலத்துக்கு முந்தி வடகரை நாடு என்று ஒரு சீமை. அதைப் பராங்குசத் தேவர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் காலையில் பிடித்தது மாலையில் பிடிக்காது. அப்படிப்பட்டவரிடம் காலம் தள்ள வேண்டுமே! அதனால் சபையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கச்சேரியில் யாரும் பாடுகிறவரைப் பார்ப்பதில்லை. ராஜாவின் ஆள்காட்டி விரலைத்தான் பார்ப்பார்கள். விரல் உயர்ந்தால் இருநூறு பேரும் "பலே!" ராஜா கொட்டாவி விட்டால் இருநூறு கொட்டாவி.

இந்த ஏற்பாட்டில் நன்றாக வாழ்ந்தவர் ஆஸ்தான வித்வான் கோதண்ட பாகவதர். எந்த இடத்தில் விரல் உயரும் என்பது அவருக்கு அத்துப்படி.

ஒருநாள் கடற்கரைப் பக்கத்திலிருந்து பூங்காவனம் என்றொரு பெண் வீணையோடு சபைக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். முதல் காரியமாகத் தம்புராக்காரரை எழுந்து போகச் சொன்னாள். மிருதங்கமும் வேண்டாமென்றாள். ஒரு தந்தியை மீட்டினாள். அது அடங்கும்வரை சும்மா இருந்தாள். பிறகு சம்பந்தமே இல்லாத இன்னொரு ஸ்வரம். பாட்டு எங்கே சுற்றினாலும் கடைசியில் வந்து உட்காருகிற இடம் ஸட்ஜம், அந்த "ஸா" அல்லவா? இவள் அதன் வாசல்வரை வருவாள், உள்ளே நுழையமாட்டாள், திரும்பிவிடுவாள்.

ராஜாவின் விரல் உயரவுமில்லை, இறங்கவுமில்லை. சபை தவித்துப்போயிற்று.

பாகவதர் எழுந்தார். "அம்மா, சுருதி சேர்த்து முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லு. அதற்குள் நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம்."

ராஜா சிரித்தார். பிறகென்ன, இருநூறு பேரும் சிரித்தார்கள். பூங்காவனம் தந்தியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"மகாராஜா, பரிசெல்லாம் வேணாம். மூணு அரண்மனையில வாசிச்சேன், மூணுலயும் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிட்டாங்க. கடைசிவரைக்கும் ஒரே ஒருத்தர் கேட்டாப் போதும். பத்து வருஷமா அதுக்குத்தான் ஏங்கிக்கிட்டு அலையறேன்."

"அப்படி ஒருவர் இந்தச் சபையில் இருந்தால் நான் என் ஆசனத்தை விட்டு இறங்கிவிடுகிறேன்," என்றார் பாகவதர். "இல்லாவிட்டால் இவள் வீணையை இங்கே வைத்துவிட்டு நாட்டைவிட்டே போகவேண்டும்."

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் வெல்லம். "சம்மதம்!" என்றார், அவளை ஒரு வார்த்தை கேட்காமலே. அவள் வீணையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

மந்திரி தாண்டவராயர் மெல்ல எழுந்தார். "நாளைக் காலை வைத்துக்கொள்வோம், மகாராஜா. சிம்மாசனத்துக்கு முன்னால் ஒரு திரை கட்ட மட்டும் அனுமதி வேண்டும். முதலில் நம் பாகவதரும் பாடட்டும்."

"திரை எதற்கய்யா?"

"எப்போதும் ஒரே பக்கம் திரும்பித் திரும்பிச் சபைக்குக் கழுத்து சுளுக்கியிருக்கிறது, மகாராஜா. ஒருநாள் ஓய்வு கொடுக்கலாமே."

மறுநாள் பாகவதர் நன்றாகத்தான் பாடினார். வழக்கமாகப் "பலே" விழும் இடத்தில் ஸ்வரங்களை வாரி இறைத்துவிட்டு நிறுத்தினார். ஈ பறக்கும் சத்தம் கேட்டது. எல்லாரும் திரையைப் பார்க்கிறார்கள். திரைக்கு ஏது விரல்? பாகவதருக்கு வேர்த்துவிட்டது. அடுத்த அடியை எடுத்து, சாமியின் பெயரைப் பாதி உச்சரித்திருப்பார், திரைக்குப் பின்னால் ராஜா ஒரு தும்மல் போட்டார். அதுதான் உத்தரவு என்று நினைத்து இருநூறு பேரும் "பலே!" என்று கத்தினார்கள். பாகவதருக்குத் தாளம் தப்பிப்போய், பாட்டு அங்கேயே நின்றது.

"இனி இந்த அம்மாள் வாசிப்பாள்," என்றார் மந்திரி. "ராஜாவுக்குப் பிடிக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் செய்யுங்கள். போகிறவர் போகலாம்."

பூங்காவனம் வாசித்தாள். சேனாதிபதி பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுத்தார். "குதிரையைக் கட்டிப்போட்டுக்கொண்டே ஓடு ஓடு என்றால் எப்படி?" என்று எழுந்து போனார். மடைப்பள்ளித் தலைவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. அரண்மனை வைத்தியர் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தார். முக்கால்வாசிப் பேர் ஒவ்வொருவராக நழுவினார்கள். வாசலில் நின்ற காவல்காரர் மாடக்கண்ணு மட்டும் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அழுதுகொண்டிருந்தார்.

"என்னய்யா ஆச்சு?" என்று மந்திரி காதோரம் கேட்டார்.

"தெரியலீங்க. கட்டிக்கொடுத்த பொண்ணு ஆறு வருஷமா வாரேன் வாரேன்னு சொல்லி அனுப்புது. தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போற மாதிரியே இருக்குதுங்க." சொல்லிவிட்டு, தாங்கமாட்டாமல் அவரும் வெளியே போய்விட்டார்.

பாகவதர் போகவில்லை. தோற்கப்போகிறவளைப் பார்க்க உட்கார்ந்தவர், இப்போது ஆசனத்தின் விளிம்புக்கு வந்திருந்தார். அவள் மறுபடி ஸட்ஜத்தின் பக்கம் வந்தாள். இதோ, இதோ என்று அவர் தொண்டை துடித்தது. அங்கே விரலை நிறுத்தினாள். நிறுத்தியவள் நிறுத்தியபடியே இருந்தாள்.

"ஸா!" என்று பாகவதர் வாய்விட்டுப் பாடிவிட்டார்.

தாண்டவராயர் கைகூப்பினார். "வித்வானே, அது வெறும் சுருதி சேர்ப்பு என்றீர். ஒரு இம்மி விடாமல் கூடவே போனவருக்குத்தானே எது வரவில்லை என்று தெரியும்? பந்தயத்தில் நீர் கேட்ட அந்த ஒருவர் நீரேதான்."

பாகவதர் தலை தொங்கிப்போயிற்று. அப்போது திரை விலகியது. ராஜாவின் முகத்தைப் பார்த்த யாருக்கும் "பலே" சொல்ல வாய் வரவில்லை. ராணி செண்பகதேவி இறந்து நாலு வருஷம். அந்தப் பெயரை அவர் சபையில் உச்சரித்ததே கிடையாது.

"ஏன் பாடினீர், பாகவதரே?" என்றார். "அந்த ஸ்வரம் வராதவரைக்கும் செண்பகம் பக்கத்து அறையில்தான் இருந்தாள். இதோ வந்துவிடுவாள் என்றிருந்தது. நீர் பாடினீர். இல்லை என்று ஆகிவிட்டது."

பாகவதர் ஆசனத்தை விட்டு இறங்கிவந்து, பூங்காவனத்துக்கு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தார். "முதலிலிருந்து வாசி, அம்மா. வாயைத் திறக்கமாட்டேன்," என்றார்.

அவள் முதலிலிருந்து வாசித்தாள். ராஜாவும் படியிறங்கி வந்து கீழே உட்கார்ந்து கேட்டார். அந்த ஸ்வரம் கடைசிவரை வரவில்லை. யாரும் அதைப் பாடவுமில்லை.

"என்ன வேண்டும், கேள்," என்றார் ராஜா.

"ஒண்ணும் வேணாம், மகாராஜா. முழுசாக் கேட்டீங்களே, எனக்கு அது போதும்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் பூங்காவனம்.

"எனக்குப் போதவில்லை, அம்மா," என்றார் ராஜா. "நாளைக்கும் வா."