சிலுப்ப மாட்டேன்னு நின்ன மாப்பிள்ளை

எல்லாரும் நெருங்கி ஒக்காருங்க. ம் கொட்டுறவுகளுக்குத்தான் கதை, கொட்டாவி விடுறவுகளுக்கு இல்ல.

ஒரு ஊர்ல, கம்மாக்கரையில அய்யனாரு காவலுக்கு நிக்கிற ஒரு ஊர்ல, சாத்தையான்னு ஒரு நாட்டாமை இருந்தாரு. பக்தியில அவர மிஞ்ச ஆளில்ல. காலையில எந்திரிச்சா நெத்தி நெறைய துண்ணூறு, கழுத்து நெறைய உருத்திராச்சக் கொட்டை, வாய் நெறைய சாமி பேரு. ஆனா மனசு இருக்கே, அது மட்டும் தனியா வேற வேலை பாத்துக்கிட்டு இருக்கும். வாய், "எல்லாரும் நல்லாருக்கணும் சாமி"ன்னு சொல்லும். மனசு உள்ள ஒக்காந்துக்கிட்டு, "மொதல்ல நானு, அப்புறம் நானு, மிச்சம் இருந்தா அதுவும் நானு"ங்கும். வெளிய யாருக்குக் கேக்கப்போகுது?

அதே ஊர்ல மலையழகின்னு ஒருத்தி ஆடு மேய்ச்சுப் பொழச்சா. அவகிட்ட ஒரு கருப்புக் கெடா. தாய் ஆடு அது பொறந்த அன்னைக்கே செத்துப்போச்சு, இவதான் சங்குல பால் ஊத்தி, மடியில போட்டு வளத்தா. அதுக்கு மாப்பிள்ளைன்னு பேரு வச்சிருந்தா. ஏன்னு கேளுங்க. சோத்து நேரத்துக்கு டாண்ணு வந்துரும், ஒரு வேலை செய்யாது, யாராவது ஏதாவது சொன்னா மொறைக்கும். வேற என்ன பேரு வைக்கிறது?

அந்த வருசம் மழை இல்ல. கம்மா வெடிச்சுக் கெடக்கு, நாத்து விட முடியல. ஊரு கூடுச்சு. நாட்டாமை எந்திரிச்சு மீசையத் தடவிக்கிட்டு, "அய்யனாருக்கு நான் கெடா வெட்டுறேன்யா, ஊருக்கு மழை வரணும்"னு சொன்னாரு. ஆகா ஓகோன்னு ஊரே மெச்சுச்சு. அவரு பட்டியில நாப்பது கெடா நிக்கிது. ஆனா மறுநாள் காலையில அவரு நேராப் போய் நின்னது மலையழகி வாசல்ல.

"ஏத்தா மலையழகி, மறு இல்லாத கருப்புக் கெடா ஒன்கிட்டதான இருக்கு. அவுத்து விடு."

"அய்யா, ஒங்க பட்டியிலயே கருப்பு ஏழெட்டு நிக்கிதுங்களே."

"சாமி காரியத்துக்கு மாட்டேங்குறியா? ஊரு மழைக்கு மாட்டேங்குறியா?"

அவ என்ன சொல்லுவா பாவம். "மாட்டேன்னு எப்படிங்கய்யா சொல்லுவேன், எனக்குந்தான் மழை வேணும்"னு சொன்னா. கயித்த அவரு கையில குடுத்துட்டு, முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு, பின்னாடியே அழுதுக்கிட்டுப் போனா. நாட்டாமைக்கு ஒரே குஷி. தன் பட்டி கொறையாம தன் பேருல வேண்டுதல் நடக்குதே!

இப்ப ஒரு வெவரம் சொல்றேன், இத விட்டுட்டா கதை புரியாது. அந்தக் கோயில்ல கெடாய எடுத்தோம் வெட்டுனோம்னு வெட்ட முடியாது. வேண்டிக்கிட்டவரு வேண்டுதலச் சொல்லி, கெடா மேல மஞ்சத்தண்ணி தெளிக்கணும். கெடா தலையில இருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்பணும். சிலுப்புனா சாமி உத்தரவு குடுத்துருச்சுன்னு அர்த்தம், ஒடனே மேளம், குலவை, அருவா. மூணு தடவை தெளிச்சும் சிலுப்பலேன்னா? வேண்டுனவரு மனசு சரியில்லேன்னு அர்த்தம். ஊருக்கு முன்னாடி மூக்கறுந்து போகணும், கெடாய அவுத்துவிட்டுரணும்.

கோயில்ல கூட்டம்னா கூட்டம், அப்படி ஒரு கூட்டம். மண்குதிரை செய்யுற சோணை வேளாருதான் பூசாரி. அருவாவோட வீரணன் நின்னாரு. அடுத்தவுக என்ன சொன்னாலும் அப்படியே செய்வாரு, யோசனைங்கிற வேலையே அவருகிட்ட கெடையாது. மாப்பிள்ளை கழுத்துல மாலை. அது நின்னபடிக்கே மாலையத் தின்ன ஆரம்பிச்சிருச்சு.

நாட்டாமை வேப்பிலையால மஞ்சத்தண்ணியத் தொட்டுத் தெளிச்சாரு. வாய் சொல்லுச்சு, "அய்யனாரே, ஊருக்கெல்லாம் மழை பெய்யணும்!" மனசு சொல்லுச்சு, "என் வயல்ல மட்டும் பெய்யி, மத்த வயலெல்லாம் காயட்டும்."

மாப்பிள்ளை சிலுப்பல. ஒரு செவந்திப்பூவ மென்னுச்சு.

"தண்ணி பத்தலய்யா"ன்னு நாட்டாமை ஒரு செம்பு நெறைய எடுத்து ஊத்துனாரு. வாய் சொல்லுச்சு, "புள்ளகுட்டியெல்லாம் தாகமில்லாம இருக்கணும்!" மனசு சொல்லுச்சு, "ஊர்க் கெணறு வத்தணும், என் கெணறு மட்டும் ஊறணும், அம்புட்டுப் பேரும் கொடத்தோட என் வாசல்ல வந்து கெஞ்சணும்."

மாப்பிள்ளை சிலுப்பல. அடுத்த பூவ மென்னுச்சு. கூட்டத்துல யாரோ களுக்குன்னு சிரிச்சாக.

வேளாரு மெதுவாச் சொன்னாரு, "நாட்டாமை, இன்னும் ஒரு தடவைதான். மனசுல எதுவும் கொறை இருந்தா சாமிகிட்ட சொல்லிப்புடுங்க."

"என் மனசுலயா? பச்சப்புள்ள மனசுய்யா இது!"ன்னு நாட்டாமை ஒரு கொடத்தையே தூக்கிட்டாரு. வாய் சொல்லுச்சு, "எனக்குன்னு ஒண்ணும் வேணாம் சாமி!" மனசு சொல்லுச்சு, "தொடைக்கறி எனக்கு. ஈரலும் எனக்குத்தான்."

ஏய், சிரிக்காம கேளுங்க. ஈரல்னு மனசு நெனச்ச அந்த நொடியில மாப்பிள்ளை தலையக் குனிஞ்சு, நாட்டாமை மொழங்கால்ல ஒரே முட்டு! கொடம் கவுந்து அம்புட்டுத் தண்ணியும் நாட்டாமை தலையிலதான் ஊத்துச்சு. துண்ணூறு கரைஞ்சு மீசையில வழியுது. மாப்பிள்ளை மேல ஒரு சொட்டு விழல.

"இது கணக்குல சேராது, கெடா மேல தண்ணியே படலயே!"ன்னு நாட்டாமை குதிச்சாரு. ஊரே பாக்குதே, இப்ப சிலுப்பலேன்னா மானம் போயிருமே! அப்பத்தான் மடியில இருந்த மூக்குப்பொடி டப்பா ஞாபகம் வந்துச்சு. ஒரு சிட்டிகை போதும், கெடா தும்மும், தும்முனா ஒடம்பு சிலுப்பும். யாருக்கும் தெரியாம உள்ளங்கையில பொடியக் கொட்டிக்கிட்டு, கெடாயக் கொஞ்சுற மாதிரி குனிஞ்சு, கைய அது மூக்குகிட்ட கொண்டுபோனாரு.

மாப்பிள்ளை "ப்ப்பூ"ன்னு ஒரு மூச்சு விட்டுச்சு.

அம்புட்டுப் பொடியும் நாட்டாமை மூஞ்சியில! அச்சு! அச்சு! அஅஅச்சு! ஈர ஒடம்போட, குடுமியில இருந்து குதிகால் வரைக்கும், நாட்டாமை சிலுப்புனாரு பாருங்க, ஒரு சிலுப்பு! தண்ணி நாலு பக்கமும் தெறிச்சுச்சு.

மேளக்காரக ரொம்ப நேரமா சிலுப்புக்காகக் காத்துக்கிட்டு இருந்தவுக, அடிச்சு நொறுக்கிட்டாக. பொம்பளைக குலவை போட்டுட்டாக. வீரணன் அருவாவ ஓங்கிக்கிட்டு முன்னாடி வந்து, "யாரு சிலுப்புனது?"ன்னு கேட்டாரு.

"நாட்டாமைதான்"னு ஊரே ஒரே கொரல்ல சொல்லுச்சு.

"அப்ப கழுத்த நீட்டுங்க நாட்டாமை. சாமி உத்தரவு."

நாட்டாமை எடுத்தாரு பாருங்க ஓட்டம்! அய்யனாரச் சுத்தி ஒரு சுத்து, ரெண்டு சுத்து, மூணு சுத்து. இடுப்பு வேட்டி ஒரு மண்குதிரை கால்ல மாட்டிக்கிச்சு, அவரு கோவணத்தோட ஓடுறாரு. முன்னாடி நாட்டாமை, பின்னாடி வீரணன், அதுக்குப் பின்னாடி மாலையத் தின்னுக்கிட்டே மாப்பிள்ளை. கடைசியில வேளாரு கால்ல தொபுக்கடீர்னு விழுந்துட்டாரு.

"வேளாரே, காப்பாத்துங்க! நான் ஊருக்கு வேண்டலய்யா, எனக்கு மட்டுந்தான் வேண்டுனேன்! ஊரு காயணும்னு நெனச்சேன், ஈரல் வேணும்னு நெனச்சேன்!"

வேளாரு வீரணன நிறுத்தச் சொல்லிட்டு, "என்கிட்ட சொல்லி என்னங்க செய்ய? கேக்க வேண்டியவரு அந்தா இருக்காரு. கேளுங்க"ன்னாரு.

நாட்டாமை ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குனாரு. பக்கத்துல மாப்பிள்ளை நிக்கிது. அது கழுத்தப் பாத்தாரு, தன் கழுத்தத் தடவிப் பாத்தாரு. உசுரோட அருமை அப்பத்தான் அவருக்குப் புரிஞ்சுச்சு.

"அய்யனாரே, எங்க ரெண்டு பேரையும் விட்டுருப்பா!"

வாய் அதத்தான் சொல்லுச்சு, மனசும் அதத்தான் சொல்லுச்சு. அவரு சென்மத்துலயே அதான் மொதத் தடவை.

மாப்பிள்ளை தலையத் தூக்குச்சு. யாரும் ஒரு சொட்டுத் தண்ணி தெளிக்கல. கொம்புல இருந்து வால் நுனி வரைக்கும் சிலுசிலுன்னு ஒரு சிலுப்பு சிலுப்புச்சு.

"உத்தரவு கெடச்சாச்சு! ரெண்டு பேருக்கும் விடுதலை!"ன்னு வேளாரு கத்துனாரு. மலையழகி ஓடிவந்து கெடாயக் கட்டிப்பிடிச்சு, அழுகுறாளா சிரிக்கிறாளான்னு தெரியாம நின்னா. வேளாரு ஊருக்கெல்லாம் கேக்குற மாதிரி சொன்னாரு, "இனிமே இது சாமி கெடா. ராத்தங்கல் மலையழகி வீட்டுல. பகல்ல எந்த வயல்ல மேஞ்சாலும் யாரும் வெரட்டக்கூடாது."

மழையா? எட்டாம் நாள் பேஞ்சுச்சு. யாரு கும்பிட்டு வந்துச்சுன்னு அய்யனாருக்குத்தான் வெளிச்சம், ஆனா எல்லா வயல்லயும் ஒண்ணுபோலப் பேஞ்சுச்சு. ஊரே பச்சையா நிக்கிது. மாப்பிள்ளை அம்புட்டையும் தாண்டி, தெனமும் நேரா நாட்டாமை நாத்தங்காலுக்குப் போகும்.

நாட்டாமை கைகட்டி நின்னு, "மேயுங்க சாமி"ம்பாரு. மனசு, "நாசமாப் போற கெடா"ங்கும். மாப்பிள்ளை டக்குன்னு தலையத் தூக்கி மொறைக்கும், வந்து மொழங்கால்ல ஒரு முட்டு. மறுநாளும் வாய், "மேயுங்க சாமி"ங்கும், மனசு வையும், இன்னொரு முட்டு. இப்படியே வீங்குன மொழங்காலோட அவரு நாத்துல பாதி போயிருச்சு.

ஒரு நாள் அவருக்கே அலுத்துப்போச்சு. வரப்புல ஒக்காந்தாரு. "சரி, மேஞ்சுட்டுப் போ. ஒனக்கும் பசிக்குந்தானே"ன்னாரு. உள்ளயும் அதேதான். மாப்பிள்ளை ஒரே ஒரு வாய் கடிச்சுச்சு, அவரத் திரும்பிப் பாத்துச்சு, வரப்பேறிப் போயிருச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே வரல.

அதனால புள்ளைகளா, கோயிலுக்குப் போனா கும்பிட வாய் மட்டும் போதாது, மனசையும் கூட்டிக்கிட்டுப் போங்க. கதையும் தீந்துச்சு, கம்மாயும் நெறஞ்சுச்சு, கெடா அங்க மேயுது, நீங்க இங்க படுங்க.