ஓடையை நிமிர்த்திய கதை

முன்னொரு காலத்தில், மழை சொன்ன நாளில் பெய்துகொண்டிருந்த ஒரு நாட்டில், மகாராஜா மேல்மாடத்தில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். எதிரே காட்டு மலை. அதன் உச்சியில் ஊற்றெடுத்த சிற்றோடை ஏழு இடத்தில் வளைந்து, அரண்மனையை எட்டிக்கூடப் பார்க்காமல் பள்ளத்தாக்கு வயல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மகாராஜாவுக்குச் சுருக்கென்றது.

"என் மலையில் பிறந்த ஓடை எனக்கே முகம் காட்டாமல் போகிறதா? அதுவும் கோணல்மாணலாக! இனி அது நேரே என் குளத்துக்கு வர வேண்டும்."

பிரதானி வீழிநாதர் இப்படி ஒரு வேளைக்காகத்தான் காத்திருந்தார். விகடன் மருதப்பன் வாய் திறந்தால் சபை சிரிக்கும். இவர் வாய் திறந்தால் கொட்டாவி விடும். மனிதருக்கு வயிற்றெரிச்சல் இருக்காதா?

"மகாராஜா, இதற்கு மருதப்பனை விட்டால் ஆளில்லை. குளத்துக்கும் ஊற்றுக்கும் இடையே நூல் பிடித்தாற்போல் கால்வாய் வெட்டட்டும். கல்லோ, மரமோ, மனிதரோ, எவருக்காகவும் ஒரு விரற்கடை விலகக் கூடாது. தவறினால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மகாராஜா.

மருதப்பன் வீடு திரும்பியபோது வாசலில் சடைச்சி நின்றிருந்தாள். ஐந்தாம் வளைவில் நெல் பயிரிடுகிறவள்.

"சாமி, ஓடைய திருப்பப் போறீகளாமே? நாத்து விட்டு இருபது நாளாச்சு. தண்ணி நின்னா எங்க யார் வீட்லயும் அடுப்பு எரியாது."

மருதப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தான். வெட்டினால் இவள் பிழைப்பு போகும். வெட்டாவிட்டால் அவன் ஊர் போகும். சோறு இறங்காமல், ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு குளக்கரைக்குப் போனான். கரையில் நின்று ஒற்றைக் கண்ணை மூடி மலையுச்சியைக் குறிபார்த்தான். பிறகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டு சிரித்தபடியே வீட்டுக்கு வந்து, இரண்டு பேர் சோற்றைத் தின்றான்.

மறுநாள் சபையில் கைகட்டி நின்றான். "பிரதானியார் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஓலையில் எழுதி முத்திரையிட்டுத் தர வேண்டும், மகாராஜா." வீழிநாதர் தாமே ஓடோடி வந்து எழுதிக் கொடுத்தார்.

வேலை குளத்திலிருந்து மலையை நோக்கித் தொடங்கியது. சேவகர் குடை பிடிக்க, மகாராஜாவும் வந்து வேடிக்கை பார்த்தார். முளை அடித்து, கயிறு கட்டி, ஆட்கள் கிடுகிடுவென்று வெட்டிக்கொண்டு போனார்கள். நூறு அடி போனதும் கடப்பாரை ஒரு சுவரில் 'ணங்' என்று விழுந்து ஓட்டை போட்டது.

"எந்தக் கட்டையில போறவன்டா என் அடுப்பங்கரையை இடிக்கிறது!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். பிரதானியின் மனைவி. மலைக்காற்று வாங்கவென்று வீழிநாதர் கட்டிய புது மாளிகை அது.

வீழிநாதர் தலைப்பாகை அவிழ ஓடிவந்தார். "நிறுத்துங்கள்! மருதப்பா, கொஞ்சம் வளைத்துக்கொண்டு போயேன்!"

"ஒரு விரற்கடை விலகக் கூடாது என்று ஓலை சொல்கிறதே, ஐயா. தங்கள் கையெழுத்துத்தான்."

"வீட்டைச் சுற்றி ஒரே ஒரு வளைவு! உன் காலில் விழுகிறேன்!"

மருதப்பன் மகாராஜா பக்கம் திரும்பினான். "கேட்டீர்களா, மகாராஜா? அந்த ஓடையும் நேராகத்தான் கிளம்பியிருக்கும். முதலில் ஒரு பாறை, 'கொஞ்சம் வளைந்து போ' என்றது. அப்புறம் ஒரு வேங்கை மரம். அப்புறம் சடைச்சியின் நாற்றங்கால். ஏழு பேர் கேட்டார்கள், ஏழு முறை விலகிக் கொடுத்தது. பாவம், அதனிடம் முத்திரை ஓலை இல்லை."

மகாராஜா பிரதானியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கரண்டியோடு நின்ற அம்மாளைப் பார்த்தார். கிரீடம் நழுவி விழுகிற அளவுக்குச் சிரித்தார். ஓலையை வாங்கித் தாமே கிழித்துப் போட்டார்.

"ஓடை தன் வழியே போகட்டும். உனக்கு என்ன வேண்டும், கேள்!"

"ஆறாம் வளைவில் ஒரு துண்டு நிலம், மகாராஜா. எனக்காகவும் அது கொஞ்சம் வளையட்டும்."

நிலம் கிடைத்தது. அந்த வருஷம் அதில் முதல் நாற்றை நட்டவள் சடைச்சி. வீழிநாதர் வீட்டு அம்மாள் மட்டும் சுவரில் விழுந்த ஓட்டையை அடைக்க விடவில்லை. சமைக்கும்போது நல்ல காற்று வருகிறதாம்.