அசையாத கர்சர்

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள் பெர்சிஸ்.

நிலோபர் ஏன் என்று கேட்கவில்லை. நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, உட்காரச் சொன்னாள்.

பெர்சிஸ் கோவையில் ரயில் ஏறி, ஆம்பூரில் இறங்கி, தெருத்தெருவாக விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்திருந்தாள். இருவரும் நேரில் பார்த்துக்கொள்வது அதுதான் முதல் தடவை.

அவர்களுடைய கம்பெனிக்கு அலுவலகம் என்று ஒன்று கிடையாது. ஆளாளுக்கு அவரவர் வீட்டிலிருந்தே வேலை. அங்கே டிசைன் குழுவை நடத்தி வந்தவள் நிலோபர். அவள் வேலையை விட்டதும் அந்த இடம் பெர்சிஸுக்கு வந்தது.

வயதில் பெர்சிஸ்தான் மூத்தவள். ஆனாலும் குழுவில் யாராவது நிலோபரின் பெயரைச் சொன்னால், குருவின் பெயரைச் சொல்வதுபோல் குரல் தணியும். அது பெர்சிஸுக்கு உறுத்தும்.

உறுத்தினாலும், போய்க் கேட்க வேறு ஆள் இல்லை.

"எதைப் பார்த்துப் பயம்?"

"சத்தமே இல்லை. அதைப் பார்த்துத்தான்."

தினமும் காலையில் மீட்டிங் என்றாள் பெர்சிஸ். ஒருவரும் கேமராவைப் போடுவதில்லை. கறுப்புக் கட்டங்களில் பெயர்கள் மட்டும் வரிசையாக நிற்கும். ஏதாவது பிரச்சினை இருக்கிறதா என்று இவள் கேட்பாள். பதில் வராது. மறுபடி கேட்டால், ஒவ்வொருவராக ஓகே என்பார்கள்.

அவர்கள் செய்வது மருந்து நேரத்தை நினைவுபடுத்தும் ஆப். அதைப் பார்த்துத்தான் வயதானவர்கள் மாத்திரை போடுகிறார்கள்.

போன தடவை அதில் ஒரு தப்பு நேர்ந்துவிட்டது. ஒரு ஸ்க்ரீனில் மாத்திரை போட்டாகிவிட்டது என்று காட்டும். அடுத்த ஸ்க்ரீனுக்குப் போனால் இன்னும் போடவில்லை என்று காட்டும். சோதித்துப் பார்ப்பவர்கள் கடைசி நேரத்தில் பிடித்துவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, குழுவிலிருந்த தவசி அதை வரையும்போதே கவனித்திருக்கிறான்.

ஏன் சொல்லவில்லை என்று பெர்சிஸ் கேட்டாள். அவன் ஸாரி என்று மட்டும் சொன்னான்.

"அடுத்த வாரம் ஆப்போட புது வெர்ஷன் வெளியே போகுது, நிலோபர். அதுல என்ன ஒளிஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியல. அவங்களுக்குத் தெரியும். ஆனா சொல்ல மாட்டாங்க. எங்கேயோ ஒருத்தர் மாத்திரையை ரெண்டு தடவை போட்டுட்டா..."

கைகளை மடியில் இறுகக் கோத்துக்கொண்டாள்.

நிலோபர் யோசித்தாள். "அவங்க வேலை செய்யும்போது நீங்க எங்க இருப்பீங்க?"

இதற்குப் பெர்சிஸிடம் பதில் இருந்தது. சற்றுப் பெருமையாகவே சொன்னாள். டிசைன் ஃபைலை ஒரே நேரத்தில் பலர் திறக்கலாம். ஒவ்வொருவருடைய கர்சரும், அந்தச் சின்ன அம்புக்குறி, பெயரோடு திரையில் தெரியும். யார் எந்த ஃபைலில் வேலை செய்தாலும் இவளும் உள்ளே போய்விடுவாள். நாள் முழுக்க அப்படித்தான். ஆனால் குறுக்கே பேச மாட்டாள். எதையும் தொட மாட்டாள்.

"சும்மா நிப்பேன். அவ்வளவுதான்" என்றாள்.

நிலோபர் எழுந்தாள். அவளை மாடியறைக்குக் கூட்டிப்போய் மேசைமுன் உட்காரவைத்தாள். பெர்சிஸின் லேப்டாப்பில் வெறும் ஃபைல் ஒன்றைத் திறந்து, அதன் இணைப்பைத் தனக்கும் அனுப்பிக்கொண்டாள்.

"உங்க வீட்டு வாசக்கதவை வரைங்க."

"எதுக்கு?"

"தினம் பார்க்குற கதவுதானே."

கதவைச் சாத்திக்கொண்டு கீழே போனாள்.

பெர்சிஸுக்குக் கோபம் வந்தது. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்தாள். இருந்தாலும் வரையத் தொடங்கினாள். இருபது வருஷமாக வரைகிற கை. இரட்டைக் கதவு, நீலப் பெயிண்ட், கீழே தண்ணீர் பட்டு உப்பிய பலகை. சுலபமாக வந்துகொண்டிருந்தது.

அப்போது திரையின் ஓரத்தில் இன்னொரு கர்சர் முளைத்தது.

நிலோபர் என்று அதன்மேல் பெயர் இருந்தது.

அது நகர்ந்து வந்து, உப்பிய பலகைக்கு நேர் மேலே நின்றது. அப்புறம் அசையவில்லை.

பலகை பிடிக்கவில்லையோ என்று பெர்சிஸுக்குத் தோன்றியது. அதை அழித்துவிட்டு நேராக வரைந்தாள்.

கர்சர் அசையவில்லை.

நீலம் கண்ணைக் குத்துகிறதோ என்னவோ. மரத்தின் நிறத்துக்கு மாற்றினாள். கைப்பிடி எந்தப் பக்கம் என்று திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது. தினமும் பிடித்து இழுக்கிற கைப்பிடி. இடது பக்கம் வைத்தாள். எடுத்து வலது பக்கம் வைத்தாள்.

கர்சர் அங்கேயே நின்றது.

இன்னும் முடிக்கவில்லை என்று ஓரத்தில் எழுதினாள். பதில் இல்லை. சரியாக இருக்கிறதா என்று எழுதினாள். அதற்கும் இல்லை. கீழே சிரிக்கிறாளோ? இவளுக்கெல்லாம் என் இடத்தைக் கொடுத்தார்களே என்று நினைக்கிறாளோ?

நாற்காலியை விட்டு எழுந்து கீழே போய்விடலாம்தான். போனால், முடியவில்லை என்று ஆகிவிடும். பிறகு அவள் வரையவும் இல்லை, எழவும் இல்லை. கர்சரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கதவு திறந்தது. பெர்சிஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

நிலோபர் நின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் வெயில்பட்ட வியர்வை. கையில் தயிர்ப் பாக்கெட்.

"நேரமாயிடுச்சு. வீட்டுல தயிர் இல்லை. கடையில ஒரே கூட்டம்."

பெர்சிஸ் திரையைப் பார்த்தாள். கர்சர் அதே இடத்தில் நின்றிருந்தது.

"நீங்க... பார்த்துட்டு இருக்கலையா?"

"லேப்டாப்பை மூடாமப் போயிட்டேன்."

நிலோபர் குனிந்து படத்தைப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக் கதவா?"

பெர்சிஸும் பார்த்தாள். ஏதோ ஒரு கதவு. எந்த வீட்டுக்கும் வைக்கலாம்.

"இல்லை" என்றாள்.

"சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டு நிலோபர் இறங்கிப் போனாள்.

பெர்சிஸ் எழவில்லை. ஒவ்வொருவருடைய ஃபைலும் ஞாபகத்துக்கு வந்தது. இவள் உள்ளே போனதும் அவர்களுடைய கர்சர்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். இவள் வந்ததைக் கவனித்து மரியாதைக்கு நிறுத்துகிறார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

போனை எடுத்தாள். தவசியின் எண்ணைத் தேடினாள். அவனோடு அவள் தனியாகப் போனில் பேசியதே கிடையாது. எதுவானாலும் எழுதித்தான் அனுப்புவாள்.

மணி அடித்தது. அவன் எடுக்காமல் இருந்தால் தேவலை என்று இருந்தது.

"சொல்லுங்க மேடம்."

குரல் ஒடுங்கியிருந்தது. வேலை போய்விட்டது என்ற செய்திக்காகக் காத்திருப்பவன் குரல்.

அடுத்த வாரம் வெளியே போவதைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிட்டாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

"தவசி, இன்னைக்கு என்னை ஒரு படம் வரையச் சொன்னாங்க. சின்னப் படம். என்னால முடியல. யாரோ பார்த்துட்டே இருக்காங்கன்னு பயந்துட்டேன். என் வீட்டுக் கதவே எனக்கு மறந்துபோச்சு."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

ஏதாவது சொல்லி அந்த மௌனத்தை மூடிவிட வேண்டும் என்று அவளுக்குத் தவிப்பாக இருந்தது. சும்மாதான் சொன்னேன், அதை விடு என்று சொல்லலாம். வேலை எப்படிப் போகிறது என்று கேட்கலாம். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவன் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. யாரோ அடுப்பை அணைத்தார்கள். ஒரு கதவு சாத்தப்பட்டது.

"மேடம்."

"சொல்லு."

"இந்த மருந்தோட அந்த மருந்தைச் சாப்பிடக்கூடாதுன்னு ஒரு எச்சரிக்கை வருமில்ல. எழுத்தைப் பெரிசா வெச்சுக்கிட்டா அது ஸ்க்ரீனுக்கு வெளியே போயிடுது. வயசானவங்க எல்லாரும் பெரிசாத்தான் வெச்சிருப்பாங்க."

பெர்சிஸ் கண்களை மூடிக்கொண்டாள்.



"இன்னும் இருக்கு மேடம். சொல்லட்டுமா?"