சைடு கவருக்கு உள்ளே

"நீங்க கார்புரேட்டர்ல போட்ட ஜெட் சரியில்லை, ஃபிலோமினா. ஐம்பதைத் தாண்டினா வண்டி இருமுது."

பட்டறைக்குள் கால் வைத்ததுமே கருணாகரன் இதைச் சொன்னார். கல்லூரியில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்திய குரல். தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

பத்து சனிக்கிழமையாக அவர் இங்கேதான் கிடக்கிறார், ஃபிலோமினாவிடம் கார்புரேட்டர் கற்றுக்கொள்ள. அவளுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. "வாத்தியாரம்மா" என்றுதான் கூப்பிடுவார். இன்று கூப்பிடவில்லை.

நேற்றே பழைய வண்டிக்காரர்களின் வாட்ஸப் குழுவில் எழுதியும் விட்டார், அந்தப் பட்டறைக்குப் போகிறவர்கள் யோசித்துப் போங்கள் என்று. தன் நான்கு வண்டிகளையும் இவளிடம் விடுவதாக இருந்த இதாயத் பாய், அதைப் படித்துவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

ஃபிலோமினா கோபப்படவில்லை. நான் கொடுத்ததுக்கப்புறம் வண்டியில் எதிலாவது கை வைத்தீர்களா சார் என்று மட்டும் கேட்டாள்.

"இல்லையே."

அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல அவ்வளவு சரளமாக வந்தது.

சைடு கவருக்கு உள்ளே, ஆன்லைனில் வாங்கி அவரே மாட்டிய, காற்றை அதிகம் விடுகிற பளபளா ஃபில்டர் உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தில் முதலில் இருந்த கம்பெனி ஏர் பாக்ஸ் வீட்டுப் பரணில். காற்று கூடினால் பெட்ரோலும் கூடணும், அதை விடுகிற ஜெட்டும் பெரிதாகணும் என்பது முதல் சனிக்கிழமைப் பாடம். நோட்டில் அடிக்கோடு போட்டிருந்தார். படித்தவர்கள் அடிக்கோடு போடுவதோடு சரி.

கோளாறு ஜெட்டில் இல்லை, ஃபில்டரில் என்று வரும் வழியில்தான் அவருக்கு உறைத்தது. ஆனால் குழுவில் எழுதியாகிவிட்டதே.

அவள் வண்டியைக் கிளப்பி முறுக்கினாள். இருமியது.

கவரைக் கழற்றாமல், அதன் அடியில் கையை விட்டு எதையோ பாதி மூடினாள்.

இருமல் நின்றது.

கையை எடுத்தாள். இருமியது.

வைத்தாள். நின்றது.

வண்டியை அணைத்துக் கையை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் ஃபில்டர் வலையின் கட்டம் கட்டமான தடம், எண்ணெய்க் கறுப்பில் அச்சாக. கருணாகரன் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

எதிலம்மா கோளாறு என்று எட்டிப் பார்த்தார் பாய்.

அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"ஜெட் சின்னதுதான் பாய். சார் சொன்னது சரி."

கருணாகரனுக்குக் காது மடல் சுட்டது. திட்டியிருந்தாலாவது பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பார். அவளோ சோப்புத்தூளை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டாள். பாய் ஹெல்மெட் பட்டையை இறுக்கினார்.

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"பாய், ஒரு நிமிஷம்."

முதல் பெஞ்சுக்குக்கூடக் கேட்டிருக்காது அந்தக் குரல்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். தரையில் உட்கார்ந்து சைடு கவரைத் தானே கழற்றினார். ஃபில்டர் வெயிலில் பளிச்சென்றது.

"இது நான் மாட்டினது. கேட்டதுக்கு இல்லைன்னு சொல்லிட்டேன்."

பாயின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. குனிந்தபடியே இருந்தார்.

ஃபிலோமினா ஈரக்கையோடு வந்தாள். டப்பாவிலிருந்து ஒரு பெரிய ஜெட்டைப் பொறுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இப்ப டியூன் பண்ணலாம், சார்."