பண்டிதர் கேட்ட இடுக்கி

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றும் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாத ஒரு நாட்டில், ஒரு ராஜா இருந்தார். வயிறு நிறைந்தால் அவருக்கு ஞானப்பசி எடுக்கும். ஒருநாள் விருந்து முடிந்து ஏப்பம் விட்டவர், "உண்மை என்பது எது? இன்றே தெரிந்தாக வேண்டும்" என்றார்.

பண்டிதர்கள் ஆளுக்கொரு உண்மையை எடுத்துவிட, சந்தைக்கடை தோற்றது. தலைமைப் பண்டிதர் சத்தியசிகாமணி எழுந்தார்.

"உலகம் பொய் என்பதே உண்மை, பிரபு. ஐயமிருந்தால் பழைய முறைப்படி அனல்வாதம் நடத்துங்கள். அவரவர் உண்மையை ஓலையில் எழுதித் தீயில் இடுவோம். எரியாத ஓலையே மெய். தோற்றவன் நாக்கை அறுத்துவிடலாம். என்னோடு வாதிட விகடன் மாசாணன் வரட்டும்!"

சபையைச் சிரிக்கவைப்பது மாசாணனின் வேலை. 'உலகமே பொய் என்றால் சர்க்கரைப் பொங்கலை மட்டும் ஏன் மறுபடி கேட்டு வாங்குகிறீர்?' என்று பந்தியில் பண்டிதரிடம் வாயைக் கொடுத்ததன் பலன் இது. நாக்கால் பிழைப்பவனுக்கு நாக்கு போனால் என்ன மிச்சம்? போதாததற்குப் பண்டிதரின் ஓலையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. படிகார நீரில் ஊறிய ஓலை லேசில் எரியாது. ஆனால் ஒரு விகடன் சொல்லி யார் நம்புவார்கள்? அவன் தன் ஓலையில் இரண்டே சொல் எழுதி, ராஜாவிடம் மட்டும் காட்டிவிட்டு, சபை நடுவே மூட்டிய தீயில் போட்டான். பண்டிதரும் போட்டார்.

மாசாணன் ஓலை குப்பென்று எரிந்து சாம்பலானது. பண்டிதர் ஓலை சற்றே சுருண்டு, அப்படியே கிடந்தது.

"கத்தி எங்கே?" என்றார் பண்டிதர்.

"அவசரம் வேண்டாம். 'தீ சுடும்' என்று எழுதினேன். மகாராஜாவே படித்தார். என் ஓலை எரியாமல் இருந்திருந்தால் அல்லவா நான் பொய்யன்?"

ராஜா தாடியைச் சொறிந்தார். "எரிந்ததும் மெய், எரியாததும் மெய் என்றால் நான் யார் நாக்கை அறுப்பது?"

"அதற்கும் வழி உண்டு, மகாராஜா. உலகம் பொய்யென்றால் இந்தத் தீயும் பொய். பண்டிதர் தம் ஓலையைக் கையால் எடுத்துத் தரட்டும். நானே நாக்கை நீட்டுகிறேன்."

சபை முழுக்கப் பண்டிதரையே பார்த்தது. அவர் தீயருகே போய்க் கையை நீட்டினார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு ஏவலர் பக்கம் திரும்பி, "அடேய், ஓர் இடுக்கி கொண்டு வாருங்கள்!" என்றார்.

"பொய்த் தீக்கு மெய் இடுக்கியா?" என்று ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. தம் பொற்கடகத்தைக் கழற்றி மாசாணனுக்கு அணிவித்தார். "பண்டிதர் நாக்கு?" என்று கேட்டார்.

"இருக்கட்டும், மகாராஜா. பொங்கலுக்கு ருசி சொல்ல ஆள் வேண்டுமே!"

மறுநாள் பந்தியில் பொங்கல் வந்தபோது பண்டிதர் வேண்டாமென்று கையசைத்தார். பிறகு மாசாணன் பார்க்கிறானா என்று ஓரக்கண்ணால் நோட்டமிட்டு, இலையைப் பரிமாறுபவன் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார்.