பின்பாட்டு இல்லாத பாடை

“பின்பாட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டேங்கிறாங்க, அம்மா. என் பாட்டு, என் பெண்டாட்டி சாவு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வருவாங்க.”

தனக்குப் பாட்டுக் கற்பித்த உலகம்மையின் முன்னால் வெயிலுமுத்து நின்றிருந்தான். காலையில் இறந்த செல்லக்கனி அடுத்த தெருவில் கிடந்தாள். பொழுது சாயுமுன் எடுத்தாக வேண்டும்.

அந்த ஆற்றங்கரை ஊர்களில் பாட்டில்லாமல் பாடை எழுந்ததில்லை. முன்பாட்டுக்காரர் கேட்பார், கூட்டம் பின்பாட்டாக விடை சொல்லும். அப்படியொரு பாட்டை அவன் எழுதியிருந்தான். சென்ற ஆண்டுவரை எல்லாச் சாவுக்கும் அதைத்தான் பாடினார்கள்.

“ஏன் வரமாட்டாங்களாம்?”

“வக்கீல் நோட்டீஸுக்குப் பயம்.”

“யார் அனுப்பினது?”

“பாட்டுப் பதிவு பண்ற கம்பெனி. பாட்டோட உரிமையை அவங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். கேட்காம யார் பாடினாலும் விடமாட்டாங்க.”

“கையெழுத்துப் போட்டப்போ சந்தோஷமா இருந்தியோ?”

“இருந்தேன். சால்வை போட்டாங்க.”

“அது எங்கே?”

“அவ மேல போர்த்தியிருக்கு.”

உலகம்மை தன் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“பாட்டுக்கு ஒரு காவல் வேண்டாமா, அம்மா? என் பேரைச் சொல்லாமலே பாடினாங்க. கீழூர்க்காரங்க மூணாம் அடியையே மாத்திட்டாங்க. நான் ‘விளக்கு’ன்னு எழுதினதை ‘வேம்பு’ன்னு பாடினாங்க.”

“செல்லக்கனி எப்படிப் பாடுவா?”



“வேம்புன்னுதான். அவ கீழூர்க்காரிதானே.”

“சரி. முன்பாட்டைப் பாடு.”

தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினான்:

“ஆத்தைத் தாண்டையிலே அக்கரையில் ஆரிருப்பா?”

‘நாங்க இருக்கோம்’ என்று கூட்டம் ஏந்திக்கொள்ள வேண்டிய இடம் அது. உலகம்மையின் உதடு பிரியவில்லை. வாசலில் நின்ற மற்றச் சீடர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அவன் மறுபடியும் பாடினான். அந்தக் கேள்வி சுவரில் பட்டு அவனிடமே திரும்பியது.

“நானே அனுமதி தர்றேன், அம்மா. பாடச் சொல்லுங்க.”

“எழுதிக் கொடுத்துட்டேன்னியே.”

அவன் வாசல் பக்கம் திரும்பினான். உலகம்மை விடவில்லை.

“இப்போ நீ பாடினியே, அது யாரைக் கேட்டு?”

அடுத்த தெருவில் பாடை எடுக்கும் பறை எழுந்தது. அதன்மேல் குரல் ஏறவில்லை.