சிலம்பாயியும் பத்தொன்பது கைகளும்

இந்தக் கதையில் வரும் பெரிய மனிதர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. ஆனாலும் உங்களிடம் ஒரு தீர்ப்பு வேண்டும், கேளுங்கள்.

நீள்கரை, சங்கூர், பவழத்திடல் என்று ஒரே கடலைச் சுற்றி மூன்று நாடுகள். பல தலைமுறை அடித்துக்கொண்டு மாண்ட பிறகு, மூன்றும் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. கடலில் சரணடைந்தவரைக் கொல்லக் கூடாது. கொன்றவன் எந்த நாட்டவனானாலும் நடுத்தீவில் உள்ள பொது மன்றம் அவனை விசாரிக்கும். இதைக் கல்லில் வெட்டி மூன்று நாட்டு அவை வாசலிலும் நட்டார்கள். புதிய உறுப்பினர் அந்தக் கல்லில் கை வைத்து, "இதற்குக் கட்டுப்படுவேன். கட்டுப்பட மாட்டேன் என்று சொல்லும் அந்தக் கணமே என் இருக்கை போகட்டும்" என்று சத்தியம் செய்தால்தான் இருக்கை கிடைக்கும்.

நீள்கரையின் தளபதி மதவேழன், வெள்ளைத் துணி காட்டி நின்ற சங்கூர் மீன்படகு ஒன்றைக் கொளுத்தினான். ஏழு பேர் செத்தார்கள். பாறையில் பாசி பறித்துக்கொண்டிருந்த நீள்கரைப் பெண் சிலம்பாயி மட்டுமே அதைப் பார்த்தவள். பௌர்ணமிக்குள் வந்து சாட்சி சொல்லும்படி மன்றம் அவளை அழைத்தது. அவள் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி.

தளபதியைக் காப்பாற்ற நீள்கரை அவை அவசரமாகக் கூடியது. ஏழு பேர் செத்தபோது கூடாத அவை! மொத்தம் இருபத்து மூன்று பேர். சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படித்துத் தனித்தனியாக வாக்கெடுப்பது அங்கே வழக்கம். "வாசல் கல்லுக்கு இனி நாங்கள் கட்டுப்பட மாட்டோம்" என்றது முதல் பிரிவு. பத்தொன்பது பேர் கை தூக்கினார்கள், நான்கு பேர் எதிர்த்தார்கள். பிரிவு நிறைவேறியது என்று மணி அடித்தது. "நடுத்தீவுக்குச் சாட்சி சொல்லப் போகிறவருக்குப் பத்தாண்டு சிறை" என்றது இரண்டாம் பிரிவு. அதே பத்தொன்பது, அதே நான்கு. மீண்டும் மணி.

"கல்லுல வச்ச கையை இப்ப எதுக்குய்யா தூக்குனீங்க?" என்று ஊரே வாசலில் நின்று கத்தியது. வெட்கமில்லாதவர்கள், பின்வாசல் வழியாகப் போனார்கள்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில், படகைத் தள்ளும்போதே சிலம்பாயியைக் காவலர்கள் பிடித்து, நீள்கரை நடுவர் இளநாகனார் முன் நிறுத்தினார்கள்.

"அவை நிறைவேற்றிய சட்டம் நல்லதோ கெட்டதோ, அதை மாற்ற நடுவருக்கு அதிகாரம் இல்லை" என்றார், முதலில் கை தூக்கிய அவைத்தலைவர் குமரவேள். அது உண்மைதான்.

சிலம்பாயி சொன்னாள்: "கண்ணால கண்டதைச் சொல்லப் போனேன் ஐயா. துணியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே எரிஞ்சாங்க."

நடுவர் இரக்கப்பட்டு விடுவிக்க முடியாது. சட்டத்தையும் மாற்ற முடியாது. அப்படியானால் சிலம்பாயி சிறைக்குப் போக வேண்டுமா, நடுத்தீவுக்குப் போக வேண்டுமா? ஏன்?

விடை: நடுத்தீவுக்கே. முதல் பிரிவுக்குக் கை தூக்கிய கணமே, தங்கள் சத்தியத்தின்படி பத்தொன்பது பேரும் இருக்கை இழந்தார்கள். கல் தங்களைக் கட்டாது என்று வாதாடினால், அந்தக் கல்லில் கை வைத்துப் பெற்ற இருக்கையும் அவர்களுடையதல்ல. ஆக, இரண்டாம் பிரிவு வந்தபோது அவையில் இருந்த உறுப்பினர் நான்கு பேர்தான், நால்வரும் எதிர்த்தார்கள். அந்தச் சட்டம் பிறக்கவே இல்லை. "அப்படியானால் நாங்கள் யார்?" என்று சீறினார் குமரவேள். "சிலம்பாயியைப் போல நீங்களும் குடிமக்கள். மன்றம் அழைத்தால் நீங்களும் போக வேண்டும்" என்றார் நடுவர். சிலம்பாயி அதற்குள் படகைத் தள்ளியிருந்தாள்.